சுகந்தினி விழுந்தது எதற்காக

நடிப்புக்காரி என்றால் நடிப்புக்காரிதான், அதில் என்ன வழக்கு? கால் முறியவில்லை, முறிந்தது என்று கத்தினாள். அதைச் சுகந்தினியே மறுக்கவில்லையே. ஆனால் கடல் கடந்து நம் சனம் குடியேறிய இந்தக் கிளென் ஈடன் முழுக்க, கோயிலில் செருப்புக் கழற்றுகிற இடத்திலிருந்து மரக்கறிக் கடை வரைக்கும், "புருசன்ர தங்கச்சியை ஓடவிட்டுக் குடும்ப மானத்தைக் கெடுத்தவள்" என்று வாய் கூசாமல் பேசுகிறார்களே, அவர்கள் முழுக்கதையையும் கேட்டுவிட்டுப் பேசட்டும். கேட்கப் பொறுமை இல்லையென்றால் வாயை மூடிக்கொண்டு மரக்கறியை வாங்கட்டும்.

சுகந்தினிக்கு வேலை வெஸ்ட்கேட்டில். புது வீடுகள் எழும்புகிற இடத்தில், ஒரு பக்கம் நில், மறுபக்கம் போ என்று எழுதிய பலகையைப் பிடித்தபடி லொறிகளை நிறுத்தி அனுப்புவாள். புருசன் பார்த்தீபனுக்கு எல்லர்ஸ்லியில் கம்ப்யூட்டர் வேலை. மனைவிக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், "போக்குவரத்துப் பகுதியில" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவான். அவளோ, "எவ்வளவு பெரிய லொறியும் நான் சொன்னாத்தான் அசையும்" என்று சிரிப்பாள்.

அந்த இடத்தில் போன வசந்தத்தில் ஒரு டொட்டரல் சோடி முட்டையிட்டது. மைனாவளவு மண்ணிறப் பறவை. கூடு என்று ஒன்றுமில்லை. சல்லிக்கல் நடுவே ஒரு சின்னப் பள்ளம், அதில் கல்லைப் போலவே புள்ளி போட்ட முட்டைகள். அசைக்கச் சட்டத்தில் இடமில்லையென்று சுற்றிச் செம்மஞ்சள் தெருக்கூம்புகள் வைத்து, வேலையை அப்பால் ஒதுக்கிவிட்டார்கள்.

ஒருநாள் யாரோ அவிழ்த்துவிட்ட நாய் மோப்பம் பிடித்துக்கொண்டு வந்தது. பறவை பறக்கவில்லை. ஒரு செட்டையை முறிந்ததுபோல் நிலத்தில் இழுத்துக்கொண்டு, கீச்சிட்டபடி, முட்டைக்கு எதிர்ப்பக்கமாகத் தத்தித் தத்திப் போனது. நாய் பின்னால். நாய் அலுத்து நின்றால் அதுவும் நின்று, திரும்பிப் பார்த்து, இன்னும் மோசமாகத் துடித்துக் காட்டியது. தூரத்துக்கு இழுத்துப் போனபின் ஒன்றும் நடக்காததுபோல் எழும்பிப் பறந்தது. அது தாயா தகப்பனா தெரியாது, இரண்டும் நடிக்குமாம். சுகந்தினி பலகையைத் திருப்ப மறந்து நிற்க, இரண்டு பக்கமும் லொறிக்காரர் ஹோர்ன் அடித்தார்கள்.

வீட்டில் இதற்குக் காது கொடுத்தவள் நிருஜா ஒருத்திதான். பார்த்தீபனின் தங்கச்சி. பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்து முடித்தவள். மேலே படிக்க வேறு ஊரில் இடம் கிடைத்திருந்தது. அதை அண்ணியிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள். எந்த ஊர் என்று இங்கேயும் சொல்வதாக இல்லை. தாய் குணவதியும் அண்ணனும் மெல்பேணில் ஒரு மாப்பிள்ளையைப் பேசிவிட்டார்கள். வேண்டாம் என்று அழுது சொன்னாள், சிரித்துச் சொன்னாள், சாப்பிடாமல் கிடந்து சொன்னாள். "எல்லாப் பொம்பிளைப் பிள்ளையளும் முதல்ல இப்பிடித்தான்" என்று குணவதி மாமி பலகாரத்துக்கு மா வறுக்கத் தொடங்கினார்.

"அண்ணி, சுவிஸ் மலையில ஒரு தும்பி இருக்குது," என்றாள் நிருஜா, பாத்திரம் துடைத்தபடி. "ஆண் தும்பி துரத்தினா, பெண் தும்பி பறக்கேக்கையே தொப்பெண்டு விழுந்து செத்த மாதிரிக் கிடக்கும். அவர் போனாப் பிறகு எழும்பிப் போயிடும்."

"கெட்டிக்காரி."

"ஐரோப்பாவில தவளையும் அப்பிடித்தான். பிடிக்காதவர் வந்து கட்டிப்பிடிச்சா கைகாலை நீட்டி விறைச்சுப்போகும். அமெரிக்காவில ஒரு பாம்பு இன்னும் மோசம். செத்த மாதிரி மல்லாந்து கிடக்கும். பிடிச்சு நிமித்தி விட்டா, 'இல்லை, நான் செத்திட்டன்' எண்டு திரும்பவும் மல்லாந்திடும்!"

இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பிறகு நிருஜாவின் முகம் கோணியது.

"நானும் செத்த மாதிரிப் படுக்கட்டோ, அண்ணி?"

"எங்கட ஆக்களைத் தெரியாதே உனக்கு? செத்தவளையும் சோடிச்சுத் தூக்கிக்கொண்டந்து மணவறையில இருத்துவினம். நீ பறக்கிற வழியைப் பார். விழுகிற வேலையை நான் பாக்கிறன்."

நிச்சயதார்த்தத்தன்று வீடு கொள்ளாத சனம். நிருஜா பின்னறையில். பின்தெருவில் அவளுடைய சிநேகிதி வைஷாலி காரோடு நின்றாள். சுகந்தினி பலகாரத் தட்டோடு முன்வாசல் படி இறங்கினாள். இறங்கினாள் என்ன, உருண்டாள்.

"ஐயோ, என்ர கால்!"

நம் சனத்தைத்தான் தெரியுமே. ஒருவர் விழுந்தால் மற்ற ஒருவரும் உள்ளே இருக்க மாட்டார்கள். ஒரு கை கோடாலித் தைலத்தோடு, ஒரு கை ஐஸோடு. "தூக்குங்கோ" என்று ஒருவர், "தூக்காதேங்கோ" என்று ஒருவர். மாப்பிள்ளையின் தகப்பன் குலசிங்கம் காலைப் பிடித்து ஆட்டிப் பார்த்து, "எலும்பு விலகியிருக்கு" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார்.

அந்த நேரம் பார்த்துக் குணவதி மாமி, "பிள்ளை பயப்பிடப் போறாள், கூட்டிக்கொண்டு வாறன்" என்று உள்ளே திரும்பினார். கார்ச் சத்தம் இன்னும் கேட்கவில்லை. சுகந்தினி மாமியின் சேலையை எட்டிப் பிடித்தாள்.

"மாமி, என்னை விட்டிட்டுப் போகாதேங்கோ! கண் இருட்டுது!"

வந்த நாள் முதல் இப்படி ஒருநாளும் கூப்பிடாத மருமகள். மாமி அப்படியே இருந்து, அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டார். பின்தெருவில் கார் கிளம்பிப் போனது. அதற்குப் பிறகு சுகந்தினி தானாகவே எழும்பி, சேலையைத் தட்டிவிட்டு, எல்லாருக்கும் தேத்தண்ணி போடப் போனாள்.

"சுகமாக இருக்கிறேன்" என்று நிருஜா தாய்க்குச் செய்தி அனுப்பினாள், இடத்தைச் சொல்லவில்லை. மாப்பிள்ளை வீட்டார் கொஞ்சநாள் பொறுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். கண்டுபிடித்துக் கூட்டிவந்தால் இன்னும் நடத்திவிடலாம் என்று பார்த்தீபன் நம்பினான். ஒரு காலை, வேலைக்குக் கிளம்பியவளை வாசலில் மறித்தான்.

"எங்க அவள்?"

"சுகமா இருக்கிறாள்."

"எங்க எண்டு கேட்டனான்."

"வேண்டாம் எண்டு அவள் சொன்னது உங்களுக்குக் கேக்கேல்லை. நான் சொல்லுறது மட்டும் கேக்குமோ?"

"இடத்தைச் சொல்லு. கோயில்ல எல்லாருக்கும் முன்னால, செய்தது பிழை எண்டும் சொல்லு. இல்லாட்டி இந்த வீட்டில இராத."

சுகந்தினி அறைக்குள் போய்ப் பையை நிரப்பினாள். மாமி கதவடியில் வந்து நின்றார்.

"ஊரை மட்டும் சொல்லு பிள்ளை. நான் ஆருக்கும் சொல்லமாட்டன்."

"நீங்கள் மெல்பேணை மறந்த அண்டைக்கு அவளே போன் எடுப்பாள், மாமி."

இவள் உண்மையாகவே போவாள் என்று பார்த்தீபன் நினைக்கவில்லை. பையோடு நேரே வந்தவளைக் கண்டதும் தன்னையறியாமல் விலகினான்.

"போனாப் போனதுதான், சுகந்தி."

"ஓம்."

படியிறங்கித் தெருவுக்கு வந்துவிட்டாள். எதிர்வீட்டு ஜன்னலில் திரை அசைந்தது.

"கதவைச் சாத்திப்போட்டுப் போ! சனம் பாக்குது!"

"நீங்களே சாத்துங்கோ," என்றாள் சுகந்தினி, திரும்பாமல்.