உளுந்து மஞ்சளித்த கோடை

உளுந்துச் செடியைப் பிடித்தால் உள்ளங்கையில் சுணை குத்தும்; அந்தக் கோடையில் அதோடு ஒரு பிசுபிசுப்பும் சேர்ந்து ஒட்டியது. கும்பப்பூ நெல் அறுத்த ஈரத்திலேயே, இராஜாக்கமங்கலம் போகும் வழியில் இருந்த எங்கள் வயலில் அம்மா உளுந்து விதைத்திருந்தாள். பூவெடுக்கும் சமயத்தில் இலைகளில் திட்டுத்திட்டாக மஞ்சள் விழுந்தது.

அதே வாரம்தான் நான் வயதுக்கு வந்தேன். முந்தின நாள் வரை அந்த வயலில் ஆடு விரட்டியவள் என்பதால், பழிபோட யாரும் ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. "தீட்டுக்காரி கால் பட்டா பயறு பழுத்துப் போவும்" என்று ஊரில் ஒரு சொல் உண்டு. அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, அதைச் சொல்லி, இனி நான் வரப்பில்கூட ஏறக்கூடாது என்று தீர்ப்பளித்தாள். அப்பா வாயில் கொழுக்கட்டை. எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது.

மறுநாள் காலையிலேயே அம்மா என் கையைப் பிடித்து வயலுக்கு அழைத்துப் போனாள். அத்தையும் விடாமல் பின்னால் வந்தாள். அம்மா ஒரு செடியை உலுக்க, இலைக்கடியிலிருந்து வெள்ளை ஈக்கள் மாவு தூவியதுபோல் எழும்பி அடுத்த செடியில் அமர்ந்தன. சாற்றை உறிஞ்சிச் செடியைச் சோர வைத்ததும், நோயைச் செடிக்குச் செடி கொண்டுபோனதும் அவைதான். வரப்புக்கு அந்தப் பக்கம் அத்தையின் வயல். அங்கே எங்களுக்கு முன்பே மஞ்சள் விழுந்திருந்தது.

"ஒங்க வயல்ல எந்தப் பொண்ணு எறங்குனா மைனி?" என்று அம்மா நிதானமாகக் கேட்டாள்.

அம்மா நோய்கண்ட செடிகளைப் பிடுங்கத் தொடங்கியதும், "பூத்த செடியப் பிடுங்குனா குடும்பம் வெளங்காது" என்று அத்தை அடுத்த சொல்லை எடுத்தாள்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "தீட்டு இந்த ஈக்காக்கும், ஒனக்கில்ல. பிடுங்கு மக்கா."

பூவும் பிஞ்சுமாகப் பிடுங்கிக் குழியில் போட்டு மூடினோம். மிச்சம் நின்றது காய்த்தது. பிடுங்காமல் விட்ட அத்தையின் வயலில் கடைசியில் மாடுதான் மேய்ந்தது.

இன்று அங்கே உளுந்தும் இல்லை, ஈயும் இல்லை. எல்லைக்கல் நட்டு மனையாக்கிவிட்டார்கள். தீட்டு மட்டும் போக்கிடம் தேடி எங்கள் மொட்டைமாடி வரை ஏறி வந்திருக்கிறது. என் மகள் வயதுக்கு வந்தபோது, அவள் தொட்டிச் செடிகளைத் தொடக்கூடாது என்று உறவுக்கார அம்மாள் ஒருத்தி படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து தண்ணீர் ஊற்றுவது மகள்தான். கத்தரி இப்போது காய்த்துத் தொங்குகிறது. அந்த அம்மாளுக்கு வேண்டுமென்றால் தாராளமாக வரட்டும். பறித்துக் கொடுக்கப்போவது என் மகள்.