விரத நாளும் சத்து மாத்திரையும்

எடை குறைய ஆபரேஷன் பண்ணி வயிற்றைச் சுருக்கிக்கொண்டால் அப்புறம் ஆயுசுக்கும் சத்து மாத்திரை போடுவதே ஒரு உத்தியோகம் என்று எனக்கு முதலில் சொன்னவர் மலர்விழி மேடம். ஆபரேஷன் முடிந்து நான் வீட்டுக்குக் கிளம்பிய காலையில், என்ன சாப்பிடலாம் என்று சொல்லித்தர வந்தவர். எடையும் மூட்டு வலியும் என்னைக் கிரிவலம் போக விடாமல் உட்கார வைத்திருந்தன. மலையை மறுபடி என் காலால் சுற்ற வேண்டும் என்றுதான் கத்திக்குச் சம்மதித்தேன். என்னைப் போல் அறுத்துக்கொண்டவர்களுக்கு இதில் பாதி தெரிந்த கதையாக இருக்கும்.

இனிப்பு மாத்திரை

பெங்களூரில் இருக்கும் என் மகன் ஒரு டப்பா அனுப்பினான். ஜெல்லி மிட்டாய் மாதிரி சத்து மாத்திரை, ஆரஞ்சு ருசி. தொண்டையில் நிற்கிற பெரிய மாத்திரைகளை ஒதுக்கிவிட்டு இதையே மென்றுகொண்டிருந்தேன். செக்கப்புக்குப் போனபோது மேடம் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்தார். இரும்புச் சத்து அதில் இல்லவே இல்லை.

“உங்க பையனுக்குப் பாசம் ஜாஸ்திம்மா, டப்பாலதான் சத்து கம்மி.”

டீயோடு

பிறகு சரியான மாத்திரைகளையே வாங்கினேன். இரும்பு, கால்சியம், பி12 எல்லாவற்றையும் காலை டீயோடு ஒரே வாயில் முடித்துவிட்டு விளக்கேற்றப் போய்விடுவேன். அடுத்த பரிசோதனையிலும் ரத்தம் ஏறவில்லை. மெடிக்கல் கடைத் தம்பியிடம் வேறு கம்பெனி மாத்திரை கேட்டேன். எப்படிப் போடுகிறேன் என்று விசாரித்தார்.

“அக்கா, கால்சியமும் டீயும் இரும்பை ஒட்ட விடாது. கம்பெனிய மாத்தாதீங்க, நேரத்த மாத்துங்க.”

தேங்காய் ஓடு

ஒரு பௌர்ணமி. மகள் சுமதியோடு கிரிவலம் கிளம்பினேன். உள்ளங்கால் கொஞ்ச நாளாகவே பஞ்சின் மேல் வைக்கிற மாதிரி இருந்தது. எடை குறைந்ததால் என்று நினைத்துக்கொண்டேன்.

வழியில் நிருதி லிங்கக் கோயிலைத் தாண்டியதும் கற்பூரம் விற்கிற அம்மா ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார். திரும்பிப் பார்த்தால், ரோட்டில் என் தடமெல்லாம் சிவப்பு. யாரோ சூறை விட்ட தேங்காயின் ஓடு குதிகாலில் ஏறியிருந்தது. சுமதி அதைப் பிடுங்கியபோதும் எனக்கு வலிக்கவில்லை. அந்த அம்மாதான் பதறினார்.

“ஏம்மா, இவ்ளோ ரத்தம் போவுது, உனுக்கு ஒண்ணுமே தெரியலியா?”

எந்தெந்த நாள்

நரம்புக்கான பி12 சத்து அடிமட்டத்தில் இருக்கிறது, இப்படியே விட்டால் நடையே போய்விடும் என்றார் டாக்டர். மாத்திரை தவறாமல் போடுகிறேனா என்று மலர்விழி மேடம் கேட்டார். விரத நாள் தவிர தினமும் என்றேன். விரதம் என்றால் தண்ணீர் தவிர எதுவும் வாயில் படக் கூடாது, அது மாத்திரைக்கும் சேர்த்துதான் என்று நானாக வைத்துக்கொண்டது. எந்தெந்த நாள் என்று கேட்டார். திங்கள், வெள்ளி, பிரதோஷம், கிருத்திகை, சஷ்டி, ஏகாதசி, அமாவாசை, பௌர்ணமி என்று சொல்லிக்கொண்டே போனேன். அவர் முகம் வாடிக்கொண்டே வந்தது.

“அப்ப எந்த நாள்தாம்மா போட்டீங்க?”

சன்னதியில்

ஊசி போட ஆரம்பித்தார்கள். ஆனாலும் விரத நாளில் மாத்திரையை எடுக்கக் கை வரவில்லை. அம்மன் சன்னதியில் குருக்களிடம் கேட்டேன். தட்டைக் கீழே வைக்காமலே சொன்னார்.

“மருந்து விரதத்துல சேராதும்மா. கால் போனப்புறம் எப்படிப் பிரதட்சிணம் வருவேள்?”

சூடு

சித்திரை மாதத்தில் ஒரு பிரதோஷம். காலையிலேயே மாத்திரை போட்டாயிற்று. ராஜகோபுரத்துக்கு எதிரே செருப்பை விட்டுவிட்டு இறங்கினேன். வெயிலில் காய்ந்த கல், உள்ளங்காலைச் சுள்ளென்று பிடித்தது. நகரவே மனசு வரவில்லை. கோபுரத்தைப் பார்த்துக் கை குவித்தபடி அங்கேயே நின்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சுமதி கையைப் பிடித்து இழுத்தாள்.

“கால் சுடுதுனு கும்புடு போடுற ஆள இப்பத்தான் பாக்குறேன், நிழலுக்கு வாம்மா!”

சாமி என்னிடம் கேட்டது ஒரு வேளைச் சோறுதான், நான்தான் நரம்பையும் சேர்த்துப் படைக்கப் பார்த்தேன். அதனால் உங்கள் வீட்டில் இந்த ஆபரேஷன் பண்ணிக்கொண்டவர் யாராவது விரதம் என்று உட்கார்ந்தால், மாத்திரை போட்டாச்சா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.