பதினோரு வினாடி பார்த்த வீடியோ

நீங்கள் நம்பமாட்டீர்கள், தெரியும். பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போகிற ஆள் நான். கட்டபெட்டிலிருந்து பஸ் பிடித்து வந்து குன்னூரில் ஒரு பேக்கரி மாடியில் வேலை. ஊர் உலகம் இணையத்தில் போடும் வீடியோக்களைப் பார்த்து, விடலாமா, நீக்கலாமா என்று பட்டன் அழுத்த வேண்டும். வெட்டு, குத்து எல்லாம் பார்த்தாகிவிட்டது. இதற்குமேல் பேய் வேறு வந்து என்னை மிரட்ட வேண்டுமா?

ஒரு வீடியோவுக்கு அரை நிமிடம்தான். முழுசாகப் பார்க்க நேரம் கொடுங்கள், உயிர் போகிற விஷயமென்றால் கூப்பிட ஒரு போன் நம்பராவது கொடுங்கள் என்று எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கம்பெனியில் கேட்டோம். அதற்குப் பதிலாக ‘ஆழ்ந்து மூச்சு விடுங்கள்’ என்று சுவரில் ஒரு போஸ்டர் ஒட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுவாரம், பட்டப்பகல், சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். கேட்ட சத்தம் மனதை விட்டுப் போகாது என்பதால் நாங்கள் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்ப்போம். ஹெட்போன்கூட மேசையில்தான் கிடந்தது. எமரால்டு அணை ஓரத்தில் ஒரு பெண், இருபது வயதிருக்கும், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீரையே பார்த்து நிற்கிறாள். சட்டென்று என் பக்கம் திரும்பினாள்.

“அக்கா, இன்னைக்காச்சும் கடைசி வரைக்கும் பாருங்கக்கா.”

சத்தியமாகக் காதில் கேட்டது. அவள் தண்ணீரை நோக்கி ஒவ்வொரு அடியாகப் போகிறாள், மேகம் இறங்கி மூடுகிறது, யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

டீம் லீடர் பிரகாஷ் பின்னால் வந்து நின்றார். “ஏனுங்க கலா, நாலு நிமிசமா ஒரே வீடியோவுலயே உக்காந்திருக்கறீங்க?”

“சார், புள்ள தண்ணில எறங்கிருமுங்க, போலீசுக்குச் சொல்லுங்க!”

அவர் எட்டி என் மவுஸைப் பிடித்து ‘பிரச்சினை இல்லை’ என்பதை அழுத்திவிட்டார். அழுத்திவிட்டால் அவ்வளவுதான், திரும்ப எடுக்க எங்களுக்கு வழியில்லை.

நான் அழுத அழுகையில், யார் எந்த வீடியோவுக்கு என்ன அழுத்தினார்கள் என்ற பதிவை அவரே திறந்து தேடினார். அன்றைய பட்டியலில் அப்படி ஒரு வீடியோவே இல்லை. மூன்று வருடத்துக்கு முந்தைய பட்டியலில் இருந்தது. பதினோரு வினாடி பார்த்து, ‘பிரச்சினை இல்லை’ என்று விட்டிருந்தார்கள். விட்டவரின் ஊழியர் எண், என் எண். நான் வேலைக்குச் சேர்ந்தே எட்டு மாதம்தான். அந்த எண்ணை அதற்குமுன் யாருக்கும் கொடுக்கவில்லை என்றார் பிரகாஷ்.

எமரால்டு வரை போய் விசாரித்தேன். யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அந்தப் பெண் இருக்கிறாளா, இல்லையா, இன்றுவரை தெரியாது.

ஒவ்வொரு வீடியோவுக்கும் கீழே குறிப்பு எழுத ஒரு கட்டம் உண்டு, அதில் நாங்கள் ஆங்கிலத்தில் மட்டும்தான் எழுதுவோம். அந்தப் பழைய பதிவில் தமிழில் ஒரு வரி இருந்தது: ‘நேரமில்லம்மா, மன்னிச்சுக்கோ.’ நான் எழுதவில்லை. ஆனால் பிரகாஷ் மவுஸைப் பிடித்த நொடியில் என் மனதுக்குள் ஓடியது அதே வரிதான், ஒரு எழுத்து மாறாமல்.