மடுல்சீமையிலிருந்து ஒரு புத்தகத்தைக் கொண்டுவரப் போனோம்

போன கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை, நானும் மகள் கௌசியும் ஸ்பிரிங்வெளியிலிருந்து மடுல்சீமைக்குப் போனோம். ஊர் பார்க்க அல்ல. திங்கட்கிழமை அவளுக்கு உயர்தர உயிரியல் பரீட்சை. பாடசாலையில் அந்தப் பாடத்துக்கு எட்டு மாதமாக ஆசிரியர் இல்லை. மடுல்சீமையில் இருக்கும் என் அக்காவின் மகள் அதே பாடம் படித்து கம்பஸ் போனவள். அவளுடைய புத்தகத்தின் ஓரமெல்லாம் பென்சிலில் விளக்கம் எழுதி வைத்திருக்கிறாள் என்பது வியாழக்கிழமைதான் எங்களுக்குத் தெரிந்தது.

அதே புத்தகம் கௌசியின் போனிலும் இருக்கிறது, பென்சில் எழுத்துத்தான் இல்லை. அக்கா வீட்டில் சிக்னல் கிடையாது, படம் எடுத்து அனுப்பவும் வழியில்லை. அதோடு எனக்கென்று ஒரு கொள்கை உண்டு. சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்தியவனுக்குக் கொள்கையில் மட்டும் குறைவில்லை. தாளைத் தொட்டுப் புரட்டினால்தான் படிப்பு என்பேன்.

"போன்ல வாசிச்சா எனக்கு ஒண்ணுமே மண்டையில ஏறாது, புள்ள."

"புத்தகத்துல வாசிச்சது மட்டும் ஏறிருச்சாக்கும்" என்பாள்.

பதுளையில் காலை 7.10 பஸ். பசறை வழியாக முப்பத்தைந்து கிலோமீட்டர் அளவில் வரும். ஒருவருக்கு 160 ரூபாய், இரண்டு மணி நேரம். பசறை தாண்டியதும் மழையும் பனிமூட்டமும் பிடித்துக்கொண்டன. என்னைப் போன்ற பயந்தாங்கொள்ளிகள் ஜன்னலோரம் உட்கார வேண்டாம். கீழே பள்ளம் இருப்பது தெரியும், எவ்வளவு பள்ளம் என்பது தெரியாது. ஒவ்வொரு வளைவிலும் முன்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்தேன். கௌசி போனிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அப்பா, கம்பிய ஒடைச்சிறாதீங்க, நமக்குத்தான் தண்டம் போடுவாங்க" என்றாள்.

இறங்கி இரண்டு கிலோமீட்டர் நடந்தால் அக்கா குடியிருக்கும் தோட்டத்து லயம். பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். சாப்பாடு, ஊர்க்கதை எல்லாம் முடிந்த பிறகுதான் அக்கா பெட்டியைத் திறந்து புத்தகத்தை எடுத்தாள். உடனே கௌசி ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுக்கத் தொடங்கினாள். எனக்கு 12.30 பஸ்ஸின் பதற்றம். அதை விட்டால் நான்கு மணிக்குத்தான்.

"புத்தகமே கையில இருக்கு, படம் எதுக்கு?"

"ஒரு பாதுகாப்புக்குத்தாம்ப்பா. கொஞ்சம் இருங்க."

"பஸ் போயிரும், கெளம்பு."

நாற்பத்தாறு பக்கத்தோடு நிறுத்தினாள்.

என் மனைவி தேயிலைக் கொழுந்தெடுப்பவள். மழைக்கு இடுப்பில் கட்டும் தடித்த பொலித்தீன் விரிப்பை, எங்கள் பக்கம் படங்கு என்போம், கேட்காமலே எடுத்து வந்திருந்தேன். அதில் புத்தகத்தை நாலு சுற்றுச் சுற்றி, பச்சைப்பிள்ளை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். "பேக்ல வைங்கப்பா" என்றாள் கௌசி. "உன் பேக் ஒழுகுது" என்றேன்.

பஸ் ஏறி இருபது நிமிடம் இருக்கும். வண்டி நின்றது. முன்னால் மேட்டு மண் சரிந்து பாதையை மூடியிருந்தது. அந்தப் பக்கம் வேறொரு பஸ் நிற்கிறது, நடந்து போய் ஏறிக்கொள்ளச் சொன்னார்கள். முப்பது காலடி தூரம்தான். ஒரு பக்கம் ஈரமண், மறுபக்கம் பள்ளம்.

"ஒவ்வொருத்தரா வாங்க! ஓடாதீங்க!" என்று கண்டக்டர் கத்தினார்.

நான் முன்னால், கௌசி பின்னால். பாதி தூரத்தில் மேலே சரசரவென்று சத்தம். சின்னச் சின்னக் கற்கள் உருண்டு வந்து காலில் பட்டன. என் கால் நகரவில்லை. "அப்பா, கைய குடுங்க" என்றாள் கௌசி. கொடுக்க என்னிடம் கை இல்லை. இரண்டு கையாலும் புத்தகத்தைப் பிடித்திருந்தேன். அவள் செருப்பு வழுக்கியது. இடுப்புவரை சேற்றோடு பள்ளத்துப் பக்கம் சரிந்தாள்.

புத்தகத்தை எப்படி விட்டேன் என்று ஞாபகம் இல்லை. அவள் மணிக்கட்டு என் கையில் இருந்தது, அது மட்டும் ஞாபகம் இருக்கிறது. கண்டக்டர் வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தார். படங்கு பள்ளத்தில் உருண்டு பனிக்குள் போனது.

"எறங்காதீங்கண்ணே, விடுங்க!" என்றார். இறங்குகிற தைரியம் எனக்கு எங்கே!

அந்தப் பக்கம் நின்ற பஸ்ஸில் ஏறிப் பதுளை வந்து சேர்ந்தோம். கௌசியின் போன் மேற்சட்டைப் பையில் இருந்ததால் தப்பியது. அன்றும் மறுநாளும் அந்த நாற்பத்தாறு பக்கத்தையும் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்தாள். நாற்பத்தேழாம் பக்கத்தில் என்ன எழுதியிருந்ததோ! திங்கட்கிழமை பரீட்சை எழுதினாள். எப்படி என்று கேட்டேன். "படம் எடுத்தது வரைக்கும் நல்லா எழுதினேம்ப்பா" என்றாள். முடிவு இன்னும் வரவில்லை. அக்காவுக்குச் சொன்னபோது, "புத்தகம் போனா போவுது தம்பி, புள்ள இருக்கால்ல" என்றாள்.

இப்போதும் எனக்கு அச்சுப் புத்தகம்தான் பிடிக்கும். ஆனால் யாராவது ஒரு பக்கத்தைப் படம் எடுத்தால் வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன்.

போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது: மழை மாதத்தில் மடுல்சீமைக்குக் காலை பஸ்ஸில் போங்கள், கடைசி பஸ்ஸை நம்பாதீர்கள், பிடிப்புள்ள சப்பாத்து போடுங்கள். மிச்சத்தை என் மனைவி சொன்னாள். நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு, கௌசியின் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். நான்கு விரல் தடம் நீலமாக இருந்தது.

"படங்கு எதுக்குங்க இடுப்புல கட்டுறோம்?" என்றாள். "ரெண்டு கையும் சும்மா இருக்கணும்னுதானே."