புழுவின் முட்டை

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷங்கள் தயங்கினேன். மலம், புழு என்றெல்லாம் எழுத வேண்டி வருகிறது. அதைவிட, என் தங்கையைப் பற்றி எழுத வேண்டி வருகிறது. பகவான் மேல் பாரத்தைப் போட்டுத் தொடங்குகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. மலையாள தேசத்தில், வலியசாலை அக்ரஹாரத்தில் எங்கள் வீடு. சாலைக் கடைத்தெருவில் ஒரு பலசரக்குக் கடையில் எனக்கு வேலை. தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஒருநாள் கோலம் போட்டுக்கொண்டிருந்தவள் கைகால் இழுத்துக்கொண்டு விழுந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, மூளைக்குள் பன்றி நாடாப்புழுவின் குஞ்சு கூடு கட்டியிருக்கிறது என்றார் டாக்டர். ஏகாதசி தவறாதவள் அவள்.

அங்கே நாடாப்புழுக்களின் ஜீனை ஆராய்கிற மலையாளிப் பெண் ஒருத்தி இருந்தாள். ஓர் ஊர்ப் புழுவும் இன்னோர் ஊர்ப் புழுவும் ஒரே வம்சமா என்று பார்ப்பது அவள் ஆராய்ச்சி. எங்கள் குடலில் யாருக்காவது புழு இருக்கிறதா என்று பார்க்க, எல்லாருடைய மலமும் வேண்டுமென்று சின்ன டப்பாக்களோடு வீட்டுக்கே வந்தாள்.

"பூஜை பண்ற ஆத்துல இதை எங்கேடிம்மா வெக்கறது?" என்றாள் என் மனைவி.

"கொல்லையில வெச்சா மதி, அது போதும், மாமி. ஸ்வாமி கோபிக்க மாட்டார்."

யாருக்கும் புழு இல்லை. அப்படியானால் இவளுக்கு எப்படி வந்தது என்று கேட்டேன். "வேகாத பன்னி இறைச்சி தின்னா குடல்ல புழு வரும். அந்த ஆள் வெளிக்குப் போற எடத்துலேந்து புழுவோட முட்டை தண்ணிக்கு வரும், கீரைக்கு வரும். முட்டை வயித்துக்குள்ள போனா தலைக்கு ஏறும். இறைச்சி தொடாதவாளுக்கும் வரும், கேட்டேளா" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள்.

மனசு குளிர்ந்துபோன என் மனைவி, கோவிலில் அடுத்தாத்து மாமியிடம், "இறைச்சியால இல்லையாம், முட்டை உள்ள போனதாலயாம்" என்றாள். கோழி முட்டையை வாசற்படி தாண்ட விடாத தெரு எங்களுடையது. அந்த வாரத்துக்குள் பேச்சு சம்பந்தி வீட்டுக்கே போய்விட்டது.

மாப்பிள்ளையின் அப்பா கடைக்கு வந்தார். "முட்டை சாப்ட பொண்ணுன்னு எங்காத்துல காதுல விழுந்துடுத்து."

"அது புழுவோட முட்டை, மாமா."

"அதைச் சொன்னா எங்காத்துல எல்லாரும் இன்னும்னா பயந்துடுவா?" என்றார். கெட்டவர் இல்லை. என் முகத்தைப் பார்க்காமலே, கல்யாணம் வேண்டாமென்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சம்பந்தி வீட்டுக்குத் தானே வந்து விளக்குவதாக அந்த ஆராய்ச்சிக்காரப் பெண் சொன்னாள். தங்கைதான் தடுத்தாள். "நான் என்ன சாப்ட்டேன்னு ஒருத்தி வந்து சாட்சி சொல்லணுமா, அண்ணா? சொல்லித்தான் நம்புவான்னா, அந்த ஆத்துல போய் நான் எப்படிச் சாப்பிடறது?"

மாத்திரையில் வலிப்பு நின்றுவிட்டது. நின்ற கல்யாணம் நின்றதுதான். பிறகு வந்த ஜாதகங்களும், எங்கோ எதையோ கேட்டுத் திரும்பிப்போயின. அவளை மீறியாவது அந்தப் பெண்ணைக் கூட்டிப் போயிருக்கலாமோ என்று விளக்கேற்றும்போதெல்லாம் தோன்றுகிறது. தங்கை எங்களோடுதான் இருக்கிறாள். எழுதட்டுமா என்று கேட்டதற்கு, "எழுதிக்கோ. பாதியில நிறுத்தாதே" என்றாள்.

இதைப் படிப்பவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள். கீரையை நன்றாக அலம்பச் சொல்லுங்கள். ஆனால் இருக்கிறபடியே சொல்லுங்கள். முட்டை என்று சொல்லும்போது, புழுவின் முட்டை என்றே சொல்லுங்கள்.