துருக்கியைக் கட்சி மாற்றினேன்

பாண்டி பஜார் நடைபாதையில் குடை விற்று ஆரம்பித்தவன் நான். இன்று அதே தெருவில் பெட்டிகளுக்கும் பைகளுக்கும் பெரிய கடை வைத்திருக்கிறேன், கட்டடமும் என்னுடையதுதான். ஏழாம் வகுப்போடு நின்றவன் இதைச் சாதித்தான் என்று நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. வீட்டில் சொல்ல வேறு ஆள் இல்லை. மனைவி இறந்துவிட்டாள். பிள்ளைகள் வெளிநாட்டில். கடைக்குப் போனால் எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள், காபி வருகிறது, பேச்சு வருவதில்லை.

அதனால்தான் நவீன உலக வரலாறு சான்றிதழ் படிப்பில் சேர்ந்தேன். கோபாலபுரத்தில் ஒரு பள்ளியில் ஞாயிறுதோறும் வகுப்பு. மற்றவர்கள் அரசு வேலைப் பரீட்சைக்குப் படிக்கும் பையன்கள்.

"இன்னா நைனா, ரெண்டாம் உலகப் போர நேர்ல பாத்துகீறியா?" என்றான் ஒருவன்.

"பாத்திருந்தா அப்பவே நிறுத்தியிருப்பேன்" என்றேன்.

ஒவ்வொரு பாடத்துக்கும் இரண்டு பக்கம் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். எந்தப் புத்தகத்திலிருந்து எடுத்தோம் என்றும் கீழே போட வேண்டும். தொழிற்புரட்சிதான் முதல் கட்டுரை. நீராவி எந்திரம் செய்தவர்கள் என்னைப் போலவே உழைத்து முன்னுக்கு வந்தவர்கள் என்று எழுதினேன். திரும்பி வந்தபோது ஓரமெல்லாம் ஆசிரியையின் சிவப்பு மை. 'ஆதாரம்?' 'எல்லோருமா?' 'உங்கள் கதை இங்கே எதற்கு?' அடையாறு வீட்டில் சாப்பாட்டு மேசையில் தாளை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் வாய்விட்டுப் பதில் சொன்னேன்.

நான் எதையும் சீக்கிரம் பிடித்துக்கொள்பவன். பிரெஞ்சுப் புரட்சிக் கட்டுரைக்கு வகுப்பிலேயே எனக்குத்தான் அதிக மதிப்பெண். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கடைசியில் 'நன்று' என்று ஒரே சொல். ஓரம் வெள்ளையாகக் கிடந்தது. அன்று மேசையில் பேச எனக்கு ஒன்றுமில்லை.

அடுத்தது முதல் உலகப் போர். துருக்கி ஜெர்மனி பக்கம் நின்றது என்று நன்றாகத் தெரிந்தும் அதைப் பிரிட்டன் பக்கம் நிறுத்தினேன். வியாபாரி மூளை வீண்போகவில்லை. அரைப் பக்கம் சிவப்பு வந்தது. ஆனால் தாளைக் கொடுத்த அன்றே ஆசிரியை என்னைத் தனியாக நிறுத்திவைத்தார். என் மகளைவிடச் சின்னவர்.

"ஐயா, துருக்கி எந்தப் பக்கம்னு இப்பதான் வெளிய பசங்களுக்குச் சொல்லிக்குடுத்தீங்க. நான் கேட்டேன்."

"ஆமாம்மா."

"அப்பறம் ஏன் தப்பா எழுதினீங்க?"

"நீங்க படிக்கிறீங்களான்னு பாத்தேன்."

அவர் சிரிக்கவில்லை. "படிக்கிறேன். பேசணும்னா கேள்வியா எழுதுங்க. வேணும்னு தப்பு பண்ணா மார்க்கக் குறைப்பேன்."

கேள்வி கேட்டுப் பழகியவன் இல்லை நான். தெரியாத ஊரில் வழிகூடக் கேட்கமாட்டேன். சுற்றியாவது நானே போய்ச் சேர்வேன். கடைசிக் கட்டுரையான இரண்டாம் உலகப் போரை ஒழுங்காக எழுதி முடித்தபின் பேனாவை மூடாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு கீழே எழுதினேன்: 'போர் முடிந்து திரும்பியவர்கள், வீட்டில் யாரும் மிஞ்சாதபோது, யாரிடம் பேசினார்கள்?'

தாள் திரும்பி வந்தது. முழு மதிப்பெண். ஓரங்கள் வெள்ளை. கேள்விக்குக் கீழே மட்டும் சிவப்பு: 'எனக்குத் தெரியாது. நான் படித்த புத்தகங்களில் இதைப் பார்த்த நினைவில்லை. நீங்கள் தேடி எழுதுங்கள், படிக்கிறேன்.'

இப்போது நூலகத்துக்குப் போய்வந்துகொண்டிருக்கிறேன். இந்தக் கட்டுரைக்கு மதிப்பெண் கிடையாது. இரண்டு பக்கத்தோடு நிறுத்துங்கள் என்று ஆசிரியையும் சொல்லவில்லை.