அக்கா கீழே இறக்கி வைத்த கடிதம்

2002 ஆகஸ்ட் 14, புதன்கிழமை. காலை ஐந்தே முக்காலுக்கு எழும்பினேன். முற்றம் கூட்டினேன், கோழிக்கூடு திறந்தேன், கத்தரிக்கு ஆறு வாளி தண்ணீர் ஊற்றினேன். பள்ளிக்கூடம் விடுமுறை. எட்டு மணிக்குப் பாணும் சம்பலும். இவ்வளவும் அன்றைய பக்கத்தில் என் கையெழுத்திலேயே இருக்கின்றன. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அந்த ஆண்டுதான் நாட்குறிப்பு எழுதத் தொடங்கியிருந்தேன். பக்கத்தின் அடியில், கீழ்க்கோடிட்டு, இன்னொரு வரியும் உண்டு: ‘இன்றைக்கு எப்படியும் பார்ப்பது.’

பார்க்க வேண்டியிருந்தது அக்காவின் கணினியில் ஒரு யன்னலை.

அக்கா என்னிலும் பத்து வயது மூத்தவள். களுவாஞ்சிக்குடியில் கணினி வகுப்பை முடித்துவிட்டு, கட்டாரில் இருந்த சித்தப்பா அனுப்பிய கணினியில் ஊராருக்கு விண்ணப்பங்களும் கோயில் நோட்டீசுகளும் அடித்துக் கொடுத்தாள். பக்கத்தில் நின்று பார்த்தே நான் சிலவற்றைப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு யன்னலின் வலது மூலையிலும் மூன்று சிறு குறிகள் இருக்கும். பெருக்கல் குறியை அழுத்தினால் யன்னல் மூடிவிடும். சதுரத்தை அழுத்தினால் திரை முழுவதும் நிறையும். சிறு கோட்டை அழுத்தினால் யன்னல் சுருங்கி, திரையின் அடிப்பட்டியில் ஒரு கட்டையாகப் போய் உட்காரும். அது அழிவதில்லை, அந்தக் கட்டையை அழுத்தினால் திரும்ப எழும்பும்.

ஆறு நாட்களாக அக்கா அந்தக் கோட்டைத்தான் அழுத்திக்கொண்டிருந்தாள். நான் அறைக்குள் கால் வைத்தால் போதும், திரையில் இருந்தது விழுந்து அடிக்குப் போய்விடும். வெள்ளி இரண்டு தரம், சனி ஐந்து தரம் என்று எழுதி வைத்தேன். அது காதல் கடிதம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அக்காவுக்கு வெல்லாவெளியில் ஓர் ஆசிரியரை மாப்பிள்ளையாகப் பேசியிருந்தார்கள்.

அன்று பின்னேரம் மாப்பிள்ளையின் தாயும் தாய்மாமனும் சீதனப் பேச்சை முடிக்க வந்தார்கள். எங்கள் பக்கத்தில் வீடு மகளுக்குத்தான். கல்யாணமானதும் மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வந்துவிடுவார். பெற்றோர் வளவின் பின்பக்கம் சிறிதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள். எங்கள் வீட்டிலோ மகள்மார் இருவர், வீடு ஒன்று. இரண்டாவது வீட்டுக்கு அப்பா போட்ட அத்திவாரத்தில் ஏழு வரிசைக் கல் எழும்பியதோடு வேலை நின்றுவிட்டது. அதன்மேல் ஆடு ஏறி நிற்கும். நானும் ஏறி நிற்பேன்.

வீட்டை அக்காவின் பேரில் எழுதும் சீதன உறுதியின் நகலை அப்பா அக்காவைக் கொண்டே அடிப்பித்திருந்தார். அதைத் தாளில் காட்டாமல் திரையில் காட்ட வேண்டுமென்பது அவருடைய ஆசை. அக்கா குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“புள்ள, அந்த உறுதிய எடுத்துக் காட்டு. நீயும் பழகின ஆள்தானே,” என்றார் அப்பா.

“இந்தச் சின்னனோ?” என்று மாமன் சிரித்தார். “எனக்கு டீவிய நிப்பாட்டவும் மகன் வரவேணும்.”

அடிப்பட்டியில் இரண்டு கட்டைகள் இருந்தன. உறுதி எதுவென்று எனக்குத் தெரியும். மற்றதைத்தான் அழுத்தினேன். கை பிசகியது என்று பிறகு அம்மாவிடம் சொன்னேன், பிசகவில்லை. யன்னல் பாதித் திரைக்கு எழும்பியது. அது போதாதென்று சதுரத்தையும் அழுத்தினேன். எழுத்துகள் திரையை நிறைத்தன.

அப்பாவிடம் கண்ணாடி இல்லை. உறுதி என்றே நினைத்து மாமன் குனிந்து உரக்க வாசித்தார்.

‘உங்களுக்கு நேரே எழுதுவதற்கு மன்னிக்கவும். எங்களுக்கு வீடு ஒன்றுதான். அதை என் பேரில் எழுதினால் தங்கைக்கு மிஞ்சுவது ஏழு வரிசைக் கல். எனக்குக் கையில் வேலை இருக்கிறது. வீடு அவள் பேரில் இருக்கட்டும், நாம் வாடகைக்கு இருப்போம். சம்மதமென்றால் உங்கள் அம்மாவிடம் நீங்களே சொல்லுங்கள். சம்மதமில்லை என்றால்’

மாமனின் குரல் அதோடு நின்றது. கடிதமும் அதோடுதான் நின்றிருந்தது.

அக்கா தட்டோடு கதவடியில் நின்றாள். ஓடி வந்து கோட்டை அழுத்துவாள் என்று காத்திருந்தேன். அவள் வந்து, முதலில் மாமனுக்கும் பிறகு மாப்பிள்ளையின் தாய்க்கும் தேத்தண்ணி கொடுத்தாள்.

“என்னகா இது, விளையாட்டா?” என்றார் மாப்பிள்ளையின் தாய்.

“இல்ல மாமி. நானே சொல்லத்தான் இருந்தன். புள்ள முந்திட்டா.”

“என்ட மகன் வாடக வீட்டுல குந்துறதா?”

“ஓம் மாமி. நானும் அதிலதான் குந்துவன்.”

மாமனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தமக்கையின் முகத்தைப் பார்த்து, அதைத் தேத்தண்ணியோடு விழுங்கினார்.

“மறுகா சொல்லியனுப்புறம்,” என்று தாய் எழும்பினார். அவருடைய கோப்பைத் தேத்தண்ணி தொடாமலே இருந்தது.

அவர்கள் போனதும் அம்மா அழுதா. அப்பா அக்காவிடம், “உன்னட்ட ஆர் கேட்ட?” என்றார்.

“ஒருத்தரும் கேக்கல்ல. அதாலதான் எழுதினன்.”

அப்பா பின்வளவுக்குப் போய் அந்தக் கல்லடியில் பொழுதுபடும் வரை நின்றார். எனக்கோ வேறு கவலை. வீடு எப்போதும் எல்லாருக்கும் உரியதாகத்தானே இருந்தது, அதை எனக்கென்று தனியாக எதற்குத் தர வேண்டும்? நாட்குறிப்பில் இப்படி இருக்கிறது: ‘காதல் கடிதம் இல்லை. அன்பே என்று ஓர் இடத்திலும் இல்லை. ஏமாற்றம்.’

அந்தக் கடிதத்துக்குப் பதில் வந்ததும், வெல்லாவெளி ஆசிரியர் எனக்கு அத்தான் ஆனதும் பிந்திய பக்கங்களில் இருக்கின்றன. அவர்கள் பன்னிரண்டு வருடம் வாடகை வீட்டில் இருந்தார்கள். இதை நான் எழுதுவது அன்று கணினி இருந்த அதே முன்னறையில் இருந்து.

ஆகஸ்ட் 15, வியாழக்கிழமை. ஐந்தரைக்கே அக்கா கணினியைப் போட்டிருந்தாள். கடிதம் முந்தின நாள் நான் விட்டபடியே திரை நிறைய எழும்பியது. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு சதுரம் தெரியும் குறியை அழுத்தி, அதைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தாள். பிறகு, நின்ற இடத்திலிருந்தே தொடர்ந்து அடித்தாள்: ‘அதையும் நீங்களே எழுதுங்கள். உங்கள் மாமா உரக்க வாசித்ததைத்தான் அனுப்புகிறேன். ஒரு சொல்லும் மாற்றவில்லை.’

நான் கிட்டப் போனேன். அக்காவின் கை கோட்டின் பக்கம் போகவில்லை. நான் பார்ப்பதற்கு வசதியாகக் கதிரையைக்கூடச் சற்று ஒதுக்கினாள். மறைக்க ஒன்றுமில்லை என்றால் இனிப் பார்க்கவும் ஒன்றுமில்லை என்று எண்ணி, நான் கோழிக்கூடு திறக்கப் போனேன்.